ஆற்றங்கரை மேடா, செம்மண்ணா, ஏரி ஆயக்கட்டா? சென்னையிலிருந்து நிலம் தேடுபவர்களுக்கு ஒரு மண் ஒப்பீடு

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு ஏக்கர் வாங்கி, காய்கறி, வாழை, நாலு பழமரம் வைக்க வேண்டும் என்று தேடுபவர்கள் இப்போது நிறையப் பேர். என் நண்பர்களில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து தேடுகின்றன; அவர்களோடு நானும் அலைகிறேன். விலை, பாதை, மின் இணைப்பு, கிணறு என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். மண் எப்படி என்று கேட்டால் மட்டும் தரகர் "நல்ல மண்ணுங்க, எது போட்டாலும் வரும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பாதையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். மின்சாரமும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண்ணை மாற்ற யாராலும் முடியாது. அதனால் மண்ணை முதலில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. இந்த ஒப்பீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன்: நிலத்துக்காரர் சென்னையில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடியும். தினமும் தண்ணீர் பாய்ச்ச ஆள் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும்.

சென்னையைச் சுற்றி நமக்குக் கிடைக்கும் நிலங்களை ஏறக்குறைய ஐந்தாகப் பிரிக்கலாம். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த படுகை, அதற்கு ஒரு படி மேலே இருக்கும் ஆற்றங்கரை மேடு, திருப்போரூர், செங்கல்பட்டு பக்கம் தென்படும் செம்மண் காடு, மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் இருப்பது போன்ற ஏரி ஆயக்கட்டு வயல் (ஏரித் தண்ணீர் பாயும் வயல்), கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல். இவற்றில் ஆற்றங்கரை மேட்டைப் பற்றித்தான் ஆட்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

மேடு எப்படி வந்தது

ஆறு எப்போதும் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. ஒரு காலத்தில் பரந்து விரிந்து வண்டலைப் பரப்பும். பிறகு கடல் மட்டம் இறங்கினாலோ, நிலம் உயர்ந்தாலோ, மழையின் போக்கு மாறினாலோ தன் படுகையையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். அப்படி இறங்கும்போது பழைய படுகை கரையோரத்தில் மேடையாக நின்றுவிடும். புவியியலில் இதை ஆற்றுப் படித்தளம் என்கிறார்கள். ஆறு பலமுறை இறங்கியிருந்தால் இரண்டு, மூன்று படிகள் இருக்கும். மேலே போகப் போகப் படியின் வயது கூடும்.

சென்னைப் பக்கத்தில் இந்தப் படிகள் உலகப் புகழ் பெற்றவை. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் ஆயுதங்கள் கிடைத்தன. அங்குள்ள பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றைச் செய்தவர்கள் பயன்படுத்திய குவார்ட்சைட் கல், இன்றும் பூண்டிப் பக்கத்து மேடுகளில் கூழாங்கல்லாகக் கிடக்கிறது. நிலம் பார்க்கப் போகிறவருக்கு இந்தக் கூழாங்கல் முக்கியம். குழி தோண்டும்போது உருண்டை உருண்டையான கல் அடியில் தட்டுப்பட்டால், ஆறு ஒருகாலத்தில் அங்கே ஓடியது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

தாழ்ந்த படுகையில் ஒரு குழி எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு சாண் பொடி வண்டல், அடுத்து நாலு விரல் மணல், மறுபடி வண்டல், மறுபடி பருமணல் என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளம். மண் அங்கே இன்னும் மண்ணாகப் பக்குவப்படவில்லை. ஆறு போட்டது போட்டபடி கிடக்கிறது.

நடுப்படியில் எடுத்த குழி வேறு மாதிரி இருக்கும். மேல் இருபது சென்டிமீட்டர் பழுப்பு நிறம், மண்புழுத் துளைகள், நாரு நாராக வேர்கள். அதற்குக் கீழே நிறம் கொஞ்சம் சிவக்கும், கையில் பிசைந்தால் பிசுபிசுப்பு கூடும். அந்தக் கட்டியை மெதுவாக உடைத்து வெயிலில் காட்டினால், உடைந்த முகத்தில் மெழுகு தடவியது போல ஒரு மினுமினுப்பு தெரியும். பல ஆயிரம் ஆண்டு மழை மேலிருந்து களித்துகளைக் கரைத்துக் கொண்டுபோய் கீழே பூசிய பூச்சு அது. வெள்ளத்தின் வரிகள் எல்லாம் புழுவாலும் வேராலும் கலந்து அழிந்திருக்கும். ஒரு மீட்டருக்குக் கீழே மணலோ கூழாங்கல்லோ வரும். மேலே தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண், அடியில் மிச்சத் தண்ணீரை வடித்துவிடும் மண். பழமரத்துக்கும் காய்கறிக்கும் இதைவிட நல்ல அமைப்பு இந்த வட்டாரத்தில் இல்லை.

மண்ணின் கலவையும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும்

இந்த மேட்டு மண்ணைப் பெரும்பாலும் இருமண்பாடு என்ற வகையில் சேர்ப்பார்கள். மணல், வண்டல், களி மூன்றும் எதுவும் மற்றதை அமுக்கிவிடாத அளவில் கலந்த மண். அமெரிக்க வேளாண் துறையின் அளவுகோலில் 2 மில்லிமீட்டர் முதல் 0.05 வரை மணல், 0.05 முதல் 0.002 வரை வண்டல், அதற்கும் நுண்ணியது களி. களி 7 முதல் 27 விழுக்காடு, வண்டல் 28 முதல் 50, மணல் 52க்கு மேல் போகாமல் இருந்தால் அது சரியான இருமண்பாடு. பாலாறு மணலாறு என்பதால் அதன் கரை மேடுகளில் மணல் தூக்கலாக இருக்கும். மணல் கலந்த இருமண்பாடு என்று அதைச் சொல்லலாம். அதுவும் நல்ல மண்தான்.

இந்த விழுக்காடெல்லாம் எதற்கு? தண்ணீருக்கு. ஒரு மீட்டர் ஆழ மண்ணில், பயிர் உறிஞ்சக்கூடிய நீர் மணலில் சுமார் 60 முதல் 80 மில்லிமீட்டர்தான் நிற்கும். இருமண்பாட்டில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு நிற்கும். களியில் இன்னும் கொஞ்சம் கூட. வேர் 60 சென்டிமீட்டர் வரை போகும் வாழை என்று வைத்துக்கொள்வோம். இருமண்பாட்டில் அந்த ஆழத்தில் 90 மில்லிமீட்டர் இருக்கும். பாதி குறைந்ததுமே அடுத்த தண்ணீர் விட வேண்டும் என்றால், செலவழிக்க 45 மில்லிமீட்டர். மே மாத வெயிலில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் போனாலும் ஏழு நாள் தாங்கும். அதே வாழை கடற்கரை மணலில் மூன்று முதல் நான்கு நாளில் வாடும். சரளை கலந்த செம்மண்ணில் நாலைந்து நாள்.

அதாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவருக்கு ஏழு நாள் தாங்கும் மண் வேண்டும். ஐந்து வகை நிலத்தில் வடிகாலும் கெடாமல் அந்த ஏழு நாளைக் கொடுப்பது ஆற்றங்கரை மேடு ஒன்றுதான். என் முடிவுக்குக் காரணம் இந்தக் கணக்கு. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நட்டு மூன்று மாதம் வரை எந்த மண்ணும் ஒரு வாரம் காத்திருக்காது. கன்றின் வேர் ஒரு சாண் ஆழத்தில்தான் இருக்கும். அந்தக் காலத்துக்கு ஆள் வேண்டும், அல்லது சொட்டுநீரும் டைமரும் வேண்டும்.

நீர் இறங்கும் வேகத்திலும் இதே நடுநிலைதான். மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும், இருமண்பாட்டில் 10 முதல் 20, களியில் 1 முதல் 5. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. ஒரே நாளில் 100, 150 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில், மணிக்கு 2 மில்லிமீட்டர் இறங்கும் மண்ணில் கத்தரிச் செடி நின்றால் வேர் அழுகும்.

மற்ற நான்கு நிலங்கள்

தாழ்ந்த படுகையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மண் வளமானது, தண்ணீர் பக்கத்திலேயே. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்கும். 2015 டிசம்பரில் அடையாற்றிலும், 2021 நவம்பரில் பாலாற்றிலும் அதைப் பார்த்தோம். இன்னொரு ஆபத்து, நிலத்தின் ஒரு பகுதி ஆற்றுப் புறம்போக்காக இருக்கலாம். புலப்பட வரைபடத்தோடு அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. ஒரு பருவத்துக் கீரை, வெள்ளரி போடுகிற உள்ளூர்க்காரருக்கு ஏற்ற நிலம். மரம் வைக்க நினைப்பவருக்கு இது வேண்டாம்.

கடற்கரை மணல் சவுக்குக்கும் தென்னைக்கும் சரி. காய்கறிக்கு உரமும் தண்ணீரும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கோடையில் கிணற்றில் உப்பு ஏறும். அந்த விலைக்கு அதை விவசாய நிலமாக வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏரி ஆயக்கட்டு வயலைத் தள்ளிவிடுவது சுலபமில்லை. சத்தைப் பிடித்துவைப்பதில் களியை மிஞ்ச இருமண்பாட்டால் முடியாது. நெல் போட வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேறு யோசனையே வேண்டாம், ஆயக்கட்டு வயலையே வாங்குங்கள். பிரச்சினை, பல தலைமுறையாகச் சேற்றுழவு செய்த வயலில் ஒரு சாணுக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்திவைக்க அது வேண்டும். மாவுக்கும் கொய்யாவுக்கும் அதுவே எமன். உயரமாகப் பார் அணைத்து, வடிகால் வெட்டி, காய்கறி எடுக்கலாம். ஆனால் பக்கத்து வயல்காரர் தண்ணீர் கட்டினால் நம் வயலிலும் கசிந்து ஏறும். சுற்றிலும் நெல் இருக்கும் இடத்தில் நடுவில் நாம் மட்டும் தோட்டம் வைப்பது ஒவ்வொரு போகமும் மனத்தாங்கலில் முடியும்.

செம்மண் காடுதான் ஆற்றங்கரை மேட்டுக்கு உண்மையான போட்டி. வடிகால் நன்றாக இருக்கும், வெள்ள பயம் இல்லை, மாவும் வேர்க்கடலையும் முந்திரியும் பழகிய மண். குறை என்று பார்த்தால், மழை விட்டு வெயில் அடித்ததும் மேல் மண் ஓடு கட்டும். முளைக்கும் விதை அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரத் திணறும். அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழையிலிருந்து மண்ணில் சேர்வது) குறைவு. இரும்பு அதிகம் என்பதால் போட்ட மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே செம்புறாங்கல்லோ சரளையோ தட்டிவிடும். இதற்கு வைத்தியம் உண்டு. ஏரி வண்டலும் தொழு உரமும் தொடர்ந்து போட்டால் மூன்று நான்கு வருடத்தில் மேல் மண் நன்றாகத் திரும்பும். விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். ஆனால் வண்டல் போட்டுத் திருத்துவது மேல் ஒரு சாணைத்தான். அடியில் கிடக்கும் சரளை அப்படியேதான் இருக்கும்.

ஆவணங்களில் மண் எப்படி எழுதப்பட்டிருக்கிறது

நம் ஊர் நிலங்களுக்கு ஏற்கெனவே ஒரு மண் வகைப்பாடு உண்டு. ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி முறையில் (உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறை) தீர்வை விதிப்பதற்காக வண்டல், கரிசல், செம்மண், மணல் என்று பிரித்து, அதிலும் களிப்பாங்கா, இருமண்பாடா, மணற்பாங்கா என்று பார்த்துத் தரம் போட்டார்கள். இன்றும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' (மண்ணின் வகையும் தரமும்) என்ற பத்தி இருக்கிறது. இணையத்தில் பட்டா எண்ணோடு சேர்த்து அதையும் எடுத்துப் பார்த்துவிடலாம். அந்தத் தரம் வரிக்காகப் போட்டது, பழையது. பிறகு மண் அள்ளப்பட்டதெல்லாம் அதில் வராது. ஆனாலும் இரண்டு நிலங்களை ஒப்பிடும்போது முதல் தகவலாக வைத்துக்கொள்ளலாம். நஞ்சை, புஞ்சை என்பது மட்டும் மண்ணைச் சொல்லாது. பாசன வசதியைச் சொல்லும்.

அறிவியல் வகைப்பாடு வேறு கேள்வி கேட்கிறது. மண் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது, அடுக்குகள் என்ன என்று அது பார்க்கும். அமெரிக்க மண் வகைப்பாட்டைத்தான் இந்தியாவிலும் மண் அளவாய்வு செய்பவர்கள் பின்பற்றுகிறார்கள். உலக மண்களை அது 12 பெரும் வகுப்புகளாகப் பிரிக்கிறது. வரி வரியாகக் கிடக்கும் தாழ்ந்த படுகை மண் எண்டிசால். ஓரளவு பக்குவப்பட்டு, வரிகள் கலையத் தொடங்கிய கீழ்ப்படி மண் இன்செப்டிசால். களி இறங்கிப் பூச்சாகப் படிந்த நடுப்படி, மேற்படி மண் ஆல்ஃபிசால். நம் செம்மண்ணிலும் பெரும்பகுதி இன்செப்டிசாலும் ஆல்ஃபிசாலும்தான். கோடையில் ஆழமாக வெடிக்கும் கனத்த கரிசல் வெர்டிசால்.

மண் அளவாய்வு அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால், அதில் 'ஃபைன் லோமி, மிக்ஸ்ட், ஐசோஹைப்பர்தெர்மிக், டிபிக் ஹாப்லஸ்டால்ஃப்' என்று மிரட்டுகிற மாதிரி ஒரு பெயர் இருக்கலாம். பயப்பட வேண்டாம், பயனுள்ள பெயர் அது. ஃபைன் லோமி என்றால் வேர்ப்பகுதியில் களி 18 முதல் 35 விழுக்காடு, நீர் நன்றாக நிற்கும். அதே இடத்தில் கோர்ஸ் லோமி என்றிருந்தால் களி 18க்குக் கீழே, சீக்கிரம் காயும். மிக்ஸ்ட் என்றால் எந்த ஒரு கனிமமும் மேலோங்கவில்லை. ஐசோஹைப்பர்தெர்மிக் என்பது ஆண்டுச் சராசரி மண் சூடு 22 டிகிரி அல்லது அதற்கு மேல், பருவ மாற்றத்தால் அதிகம் மாறாது என்பது. கடைசிச் சொல்லின் நடுவில் வரும் 'உஸ்ட்', வருடத்தில் ஒரு பகுதி மண் காய்ந்து கிடக்கும், ஆனால் பயிர்க்காலத்தில் ஈரம் இருக்கும் என்று சொல்கிறது. 'ஆல்ஃப்' என்ற முடிவுதான் நமக்கு வேண்டியது: கீழ் அடுக்கில் களி கூடியிருக்கிறது, அதே சமயம் கால்சியம், மக்னீசியம் போன்ற சத்துகள் மழையில் முழுக்கக் கரைந்து போய்விடவில்லை. மேல் மண்ணில் களி 20 விழுக்காடு என்றால் கீழ் அடுக்கில் குறைந்தது 24 இருந்தால்தான் இந்தக் கணக்கில் வரும்.

ஒரே ஊரில் ஆல்ஃபிசால் என்று எழுதிய இரண்டு நிலங்கள் கிடைக்கலாம், ஒன்று செம்மண் காடு, இன்னொன்று ஆற்றங்கரை மேடு. அப்போது முடிவைச் சொல்வது ஆழமும் சரளையும்தான். இதை இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும்: மிகப் பழைய மேற்படி என்றால் அது சிவந்து, சரளை ஏறி, கிட்டத்தட்ட செம்மண் காடாகவே மாறியிருக்கும். அதற்கு மேட்டு விலை கொடுக்கத் தேவையில்லை. எல்லாம் கூடி வருவது நடுப்படியில்.

மேட்டு நிலத்தில் ஏமாறும் இடங்கள்

இந்த மண் நல்ல மண் என்பது நமக்கு முன்னாலேயே செங்கல் சூளைக்காரர்களுக்குத் தெரியும். மணலும் களியும் சரியாகக் கலந்த மண்தான் அவர்களுக்கும் வேண்டும். திருவள்ளூர் பக்கம் மேல் மண்ணை மூன்று அடிக்கு விற்றுவிட்டு, ஏர் ஓட்டிச் சமன் செய்து, நிலத்தை விலைக்குக் காட்டுவது நடக்கிறது. சவுடு (பள்ளம் நிரப்பும் மண்) எடுத்த இடமும் அப்படித்தான். வரப்பில் நின்று பார்த்தால் தெரியும். பக்கத்து நிலங்களைவிட இது மட்டும் தாழ்ந்து, ஓரத்துப் பனைமரங்கள் மட்டும் தங்கள் மண்ணோடு திட்டாக உயர்ந்து நின்றால், மேல் மண் போய்விட்டது என்று அர்த்தம். மிஞ்சியிருப்பது அந்தப் பிசுபிசுப்பான கீழ் அடுக்கு. மறுபடி அது மேல் மண்ணாக நம் ஆயுள் போதாது.

அடுத்தது தண்ணீர். ஆற்றில் மணல் அள்ளி ஆழமான இடங்களில் கரையோரக் கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்கிவிட்டது. மீஞ்சூர் பக்கம் மண் அருமையாக இருந்தும் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்திருக்கிறது. மண்ணைச் சோதிக்கும் அன்றே கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் சோதித்துவிட வேண்டும்.

சோதனை என்றதும் மண்வள அட்டை போதும் என்று நினைக்கிறார்கள். 2015இல் தொடங்கிய அந்த அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை, உப்பு, கரிமம் என்று 12 விவரங்கள் வரும். மணல், வண்டல், களி விழுக்காடு அவற்றில் இல்லை. மாதிரியும் மேல் மண்ணில்தான் எடுப்பார்கள். ஆய்வகத்தில் மண் நயம், அதாவது அந்த விழுக்காடு, தனியாக வேண்டும் என்று கேளுங்கள். 30 சென்டிமீட்டருக்குக் கீழே ஒன்று, 60க்குக் கீழே ஒன்று என்று தனித்தனிப் பைகளில் கொடுங்கள்.

வீட்டிலேயே ஒரு முன்சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு சிட்டிகை சோப்புத்தூள், மீதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல், இரண்டு மூன்று மணி நேரத்தில் தங்குவது வண்டல், மறுநாள் தங்குவது களி. அளவுகோலை வைத்து மூன்று அடுக்கையும் அளந்தால் தோராயக் கணக்கு கிடைத்துவிடும். வயலிலேயே பார்க்க வேண்டுமானால், ஈரமண்ணை உருட்டி, பெருவிரலால் தள்ளி நாடா மாதிரி நீட்டுங்கள். ஓரங்குலம் போவதற்குள் உடைந்தால் இருமண்பாடு. இரண்டு அங்குலத்துக்கு மேல் உடையாமல் நீண்டால் களி. உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் மணல்.

எங்கள் மூன்று குடும்பங்களுக்கு நான் சொல்லியிருப்பது இதுதான். கொசஸ்தலையாறு, ஆரணியாறு, செய்யாறு, பாலாறு என்று எந்த ஆறானாலும் நடுப்படியில் தேடுங்கள். பழைய ஊரும் கோயிலும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் தெரிந்தவர்கள் கட்டியது அது, நிலம் அதற்கு ரொம்பக் கீழே இருக்கக் கூடாது. விற்பவர் ஒரு மீட்டர் குழி எடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த நிலத்துக்குப் போய்விடுங்கள். நல்ல மேடு கிடைக்காவிட்டால், மூன்று அடி ஆழம் சரளையில்லாத செம்மண்ணை எடுத்து, காய்கறியைக் குறைத்து மாவும் கொய்யாவும் வையுங்கள். முதலில் போய்ப் பார்க்க டிசம்பர் நல்ல மாதம். மழை விட்டு மூன்றாம் நாள் போனால் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே இறங்கியது என்று நிலமே காட்டிவிடும். பத்திரம் பதிவதற்கு முன் மே மாதத்தில் இன்னொரு முறை போய்க் கிணற்றின் மட்டத்தை அளந்துவிடுங்கள்.